செய்த கையின் சுவடு

ஐப்பசி பிறந்து அடைமழையை எதிர்பார்த்திருக்கும் நாட்களில், விருதுநகருக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியிலிருந்து, கையால் செய்த பொருள்கள் இரண்டு வகையாகப் புறப்பட்டுப் போகின்றன. தாய் மகளுக்கும், மாமியார் மருமகனுக்கும், அண்டை வீட்டுக்காரி அண்டை வீட்டுக்காரிக்கும் தூக்குவாளியிலும் எவர்சில்வர் சம்படத்திலும் நிறைத்துக் கொடுத்தனுப்புகிற அதிரசமும் முறுக்கும் சீயமும் ஒரு வகை. முன்பின் பார்த்திராத ஊர்களில், பெயர் தெரியாத பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்வதற்காக லாரிகளில் ஏற்றப்படுகிற கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் தரைச்சக்கரமும் மற்றொரு வகை. முதலாவதை அன்பின் அடையாளம் என்று போற்றுகிறோம்; இரண்டாவதைச் சரக்கு என்று சொல்லி விலை பேசுகிறோம். ஆனால் பகலில் திரி சொருகிய விரல்களே இரவில் மாவு பிசைகின்றன என்பது இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் அறிந்த விஷயம். பண்டிகைக் காலத்தில் உற்றாருக்கும் ஊராருக்கும் கைப்படச் செய்து கொடுக்கிற வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்க்க, இதைக்காட்டிலும் தகுந்த இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சமீப காலமாகப் பட்டணங்களில் கைவேலைப் பொருளுக்குப் புதியதொரு மோகம் பிறந்திருக்கிறது. கடையில் வாங்கிக் கொடுப்பது பணத்தைக் கொடுப்பது, கையால் செய்து கொடுப்பது தன்னையே கொடுப்பது என்று அதன் பக்தர்கள் வாதிக்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அது பாதி உண்மை. கைப்படச் செய்த பொருள், செய்தவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது என்பது மெய்; அதன் பெருமை அனைத்தும் அங்கேதான் பிறக்கிறது. அவ்வாறு கூட்டிக்கொண்டு போகும்போது செய்தவரின் களைப்பையும், அவர் மீது சுமத்தப்பட்ட நிர்ப்பந்தத்தையும், அவர் பிறந்த தெருவையும்கூடக் கொண்டு போகிறது என்பதும் அதே அளவுக்கு மெய். அதன் குற்றங்கள் அனைத்தும் பிறப்பது அங்கேதான். குணமும் குற்றமும் இங்கே ஒரே வேரிலிருந்து கிளம்புகிறபடியால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களைவது எளிய காரியம் அன்று.

இதனை நன்கு விளங்கவைக்கும் ஐதிகம் ஒன்று இதே விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பெரியாழ்வார் தம் நந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுத்து வடபத்திரசாயிக்குச் சாற்றுவதற்கென்று வைத்த மாலையை, ஆண்டாள் என்று போற்றப்படுகிற, அவர் வளர்த்த பெண்ணாகிய கோதை தான் சூடிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைப்பாளாம். ஒரு நாள் அந்த மாலையில் கூந்தல் இழை ஒன்று சிக்கியிருக்கக் கண்ட தந்தை, அபசாரம் நேர்ந்துவிட்டதென்று மனம் பதறி அதை விலக்கிவிட்டு வேறு மாலை தொடுத்துக்கொண்டு போக, பெருமாளோ அவள் சூடிக் களைந்ததே தமக்கு உவப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது அந்த ஐதிகம். இன்றைக்கும் சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குகையில் அணிவதும், புரட்டாசியில் திருமலையில் கருட சேவையன்று மலையப்பர் அணிவதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிற ஆண்டாள் மாலைதான். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியும் அவ்வாறே நாள்தோறும் புதிதாகக் கைப்படச் செய்யப்படுகிறது: மரவள்ளி இலையை மடித்து உடல் அமைத்து, மாதுளம் பூவைக்கொண்டு அலகு வைத்து, வாழை நாரால் கட்டி, மாலைப் பூசைக்கு முன் முடித்துவிடுகிறார்கள், சாற்றிக் களைந்த பிறகு அது பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விடுகிறது. யாரென்று தெரியாத ஒருவருக்காக ஒரு நாள் தவறாமல் செய்யப்படுகிற அந்தக் கைவேலையின் நேர்த்தி ஒருபுறம் இருக்க, கோதையின் கதையில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய நுட்பம் இதுதான்: மாலையில் இருந்தது ஒரே கூந்தல் இழை, அதைத் தந்தை தீட்டென்று கண்டார், தெய்வம் அன்பென்று கண்டது. செய்த கையின் சுவடு பொருளில் ஒட்டியிருப்பதை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த வழக்கம் முழுவதும் மேன்மையுறுகிறது அல்லது கீழ்மையுறுகிறது.

முதலில் மேன்மையைச் சொல்லுவோம். அதிரசம் சுடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, அது வெறும் சமையல் அன்று என்பது தெரியும். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் நிழலுலர்த்தலாகப் பரப்பி, கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், உதறினால் ஒட்டக் கூடாது என்ற பக்குவம் பார்த்து எடுத்து இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகு கொதித்து வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் கூட்டிப் பார்த்து, அது கரையாமலும் கல்லாகாமலும் இளகிய உருண்டையாகத் திரண்டு வருகிற அந்தக் கணத்தில் சட்டியை இறக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் எண்ணெயில் போட்ட மாவு பிரிந்து போகும். பின் இறக்கினால் பல்லுக்கு அடங்காது. பிறகு ஏலமும் சுக்கும் சேர்த்துக் கிளறிய மாவை ஓர் இரவேனும் மூடி வைத்து, மறுநாள் வாழை இலையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, நிதானமான தீயில் இட்டு, சிவந்து வந்ததும் இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்து, ஆறிய பிறகே அடுக்க வேண்டும். இத்தனை படிகளில் எந்த ஒன்றையும் கடிகாரத்தை வைத்துச் செய்ய முடியாது. அரிசியின் பழமையும் வெல்லத்தின் கசடும் அன்றைய மழை ஈரமும் சேர்ந்து பதத்தை நிர்ணயிப்பதால், செய்கிறவளின் விரலே அளவுகோல். ஆகவே பத்து வீட்டு அதிரசங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாலும் எது பெரியம்மா வீட்டுப் பண்டம், எது மதினி வீட்டுப் பண்டம் என்று சொல்லிவிடலாம்.

கைப்படச் செய்ததன் முதல் குணம், பெறுகிறவரை நினைத்துச் செய்ய முடியும் என்பது. பல் போன அப்பத்தாவுக்கென்று நாலு அதிரசத்தை மெத்தென்று எடுத்துவைப்பதும், சர்க்கரை வியாதிக்கார மாமாவுக்கென்று கைமுறுக்கைத் தனியே சுற்றுவதும், எள் ஆகாத பேரனுக்கென்று ஓர் ஈடு எள்ளில்லாமல் பிழிவதும் எந்தக் கடையும் செய்யாத காரியம். விலைக்கு வாங்கிய பண்டம் வாங்கினவரின் வசதியைச் சொல்லும். செய்த பண்டமோ, செய்தவள் பெறுகிறவரைப் பற்றி எத்தனை விவரம் மனத்தில் வைத்திருக்கிறாள் என்பதைச் சொல்லும். இத்தகைய கவனத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் கருதவில்லை.

இரண்டாவது குணம், அது போய்த் திரும்புவது. பலகாரத் தட்டு ஒரு வீட்டுக்குப் போனால் வெறும் தட்டாகத் திரும்பக் கூடாது என்பது நம் பெண்களின் சட்டம். வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது, நாலு வெற்றிலையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது ஆகிய மூன்று கடமைகளால்தான் பழைய சமுதாயங்கள் கட்டுண்டிருந்தன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கட்டுரையில் உலகத்துப் பழங்குடிகளின் உதாரணங்களை அடுக்கி நிலைநாட்டினார். எங்கள் தெருப் பெண்களைக் கேட்டிருந்தால் இன்னும் ஓர் உதாரணம் கிடைத்திருக்கும். தீபாவளிக்கு முறுக்கு போன வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் கேக்கும் வருவதும், நோன்புக் காலத்தில் தூக்கில் நோன்புக் கஞ்சி வருவதும், இவற்றுக்கெல்லாம் எவரும் நாள் குறித்துக்கொள்ளாமலேயே ஆண்டுக்காண்டு நடந்து வருவதும் அற்ப விஷயங்கள் அல்ல. மேடையில் நல்லிணக்கம் பேசுவோர் சாதிக்காததை ஒரு தூக்குவாளி சாதித்திருக்கிறது.

இனிக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இங்கே சற்று விரிவாகச் சொல்லுவது நியாயம் என்று நினைக்கிறேன், ஏனெனில் நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் குணத்தைச் சொன்ன அளவுக்குக் குற்றம் சொல்லப்படவில்லை.

கைப்படச் செய்த பரிசு என்று நாம் பொதுப்பட எழுதும்போது, அந்தக் கை யாருடையது என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம். இந்த வட்டாரத்தில் அது அநேகமாக எப்போதும் பெண்ணின் கை. பட்டாசு ஆலைகளில் பண்டிகைக்கு முந்தைய மாதங்களே வேலை மிகுந்த மாதங்கள். காலையில் ஆலை வேன் ஏறி, மாலையில் அலுமினியப் பவுடரின் சாம்பல் மினுக்கம் நகக்கண்ணில் படிந்திருக்க வீடு திரும்புகிற பெண், சோப்புப் போட்டும் விளக்கெண்ணெய் தேய்த்தும் அதைப் போக்கிக்கொண்டு, இராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டி வைக்கிறாள். அவளுடைய புருஷனோ மகனோ மாவு சலிக்க உட்கார்ந்ததாக நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. செய்கிறவள் தன் விருப்பத்தினால் செய்தால்தான் அது பரிசு. செய்யாவிட்டால் நாத்தனார் என்ன சொல்லுவாள், மாமியார் என்ன நினைப்பாள் என்ற அச்சத்தினால் செய்தால் அது ஊழியம். பெறுகிற வீட்டிலோ, அதிரசம் கொஞ்சம் முறுகிவிட்டது, முறுக்கில் வெண்ணெய் போதாது என்று விமரிசனம் செய்து, அவள் இரவு விழித்த கணக்கைச் சுவையின் கணக்கால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். ஒரே பண்டம் பத்து வீட்டிலிருந்தும் வந்து குவிந்து, பாதி நமுத்துப் போய்க் குப்பைக்குப் போவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீர் என்ற பெயரில் இந்த வழக்கம் கணக்கேறிப் போனது அடுத்த குற்றம். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரமும் புதுத் துணியும், அவற்றோடு இத்தனை படி அதிரசம், இத்தனை நூறு முறுக்கு என்று ஒரு ஜாபிதா பெண் வீட்டாருக்குப் போகிறது. பொங்கலுக்கு அண்ணன் தம்பிமார் வெண்கலப் பானையும் அரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சள் கொத்துமாகக் கொண்டுபோகிற பொங்கச்சீர், பிறந்த வீடு இன்னும் இருக்கிறது என்று பெண்ணுக்கு ஆண்டுதோறும் உறுதி சொல்லுகிற அழகான ஏற்பாடு. அதிலே ஒரு வருஷம் ஒரு பொருள் குறைந்தால் அந்தப் பெண்ணின் காதில் விழுகிற சொல் மட்டும் அழகானதன்று. கையால் செய்வது செலவில்லாத பரிசு என்று சொல்லுகிறவர்கள், சீர்ப் பலகாரத்துக்காக அடகுக் கடைக்குப் போன தோட்டையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவை இரண்டையும்விடப் பெரிய குற்றம் சாதி. பச்சரிசி, வெல்லம், வாழைக்காய், வெற்றிலை பாக்கு முதலான சமைக்காத பண்டங்கள் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கும் போகலாம். சமைத்த பண்டம் என்றால், அது யார் கை பட்டது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது நெடுநாளைய சாதி ஆசாரம். கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டதற்காக நாடார் சமூகத்தின் மீது 1899இல் சிவகாசியில் பெருங்கலகம் நடத்தப்பட்டது. வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. அந்த அவமானத்தின் ரணத்தைத் தாங்கி, பள்ளிக்கூடமும் வியாபாரமும் தொழிலுமாகத் தலை நிமிர்ந்து நின்ற ஊர்கள் இவை. அப்படிப்பட்ட வட்டாரத்திலேயே, ஊருக்கு வெளியே காலனி என்று ஒதுக்கிவைத்த தெருக்களிலிருந்து வருகிற பலகாரத் தட்டை, முகத்துக்கு நேரே வாங்கி வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் போன பிறகு தொடாமல் ஒதுக்கிவிடுகிற வீடுகள் இன்றும் இல்லாமல் போகவில்லை. தட்டு மேலிருந்து கீழே போகும்போது தானம் என்றும், கீழிருந்து மேலே வரும்போது துணிச்சல் என்றும் கருதுகிற மனோபாவமும் மறைந்துவிடவில்லை. கோதையின் மாலையைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற அதே கை, இன்னொரு பெண்ணின் அதிரசத்தை ஒதுக்குகிறது என்றால், கைப்படச் செய்ததே உயர்ந்தது என்று பொதுவிதி கூறுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் கை பட்டதனாலேயே அல்லவா அந்தப் பண்டம் மறுக்கப்பட்டது? பல தெருப் பெண்களும் அருகருகே அமர்ந்து வேலை செய்கிற ஆலைகளில், மதிய வேளையில் தூக்குச் சோற்றோடு கொண்டுவந்த தொடுகறி ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்குக் கைமாறுவது உண்டு. வீட்டு வாசலில் நின்றுபோன தட்டு, வேலைத்தலத்தின் மரநிழலில் சில வேளை எல்லை தாண்டிவிடுகிறது. இதை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன்.

இந்த இடத்தில் கடைப் பண்டத்துக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. சாத்தூர்க் காரச்சேவும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கையால் செய்யப்படுகிறவையே. விறகடுப்பில் அகன்ற சட்டி வைத்துப் பால் சுண்டும்வரை கிண்டுகிறவரின் தோள்வலி எந்த வீட்டு அதிரசத்திலும் குறைந்ததன்று. ஆனால் பெட்டிக்குள் வைத்துக் காகிதம் சுற்றியவுடன் அவர் யார் என்பது தெரியாமல் போய்விடுகிறது. தெரியாமல் போவதனாலேயே அந்தப் பெட்டியை எந்த வீட்டாரும் எந்த வீட்டாரிடமிருந்தும் தயக்கமின்றி வாங்கிக்கொள்கிறார்கள். முகமில்லாத பொருளென்று நாம் குறைசொல்லுகிற கடைச் சரக்குக்கு, எந்த வாசலிலும் நுழைந்துவிடுகிற ஒரு ஜனநாயக குணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாதம் தவறாமல் தீபாவளிச் சீட்டுக் கட்டி, பண்டிகைக்குப் பலகாரப் பெட்டியும் பட்டாசுப் பெட்டியும் வாங்குகிற ஆலைத் தொழிலாளிப் பெண்ணைச் சோம்பேறி என்று பழிப்பவர்கள், அவள் விலை கொடுத்து வாங்குவது நாலு இரவுத் தூக்கத்தை என்பதை அறியாதவர்கள்.

பொங்கல் வாழ்த்து அட்டையின் கதையும் இதற்கு இணையானது. அதைச் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். தீப்பெட்டி லேபிள் அச்சடிப்பதில் வளர்ந்த சிவகாசி அச்சகங்கள், நாட்காட்டியோடு வாழ்த்து அட்டைகளையும் லட்சக்கணக்கில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பின. காசில்லாத பிள்ளைகள் நோட்டுத் தாளில் கரும்பும் பானையும் சூரியனும் வரைந்து தம் கையால் வாழ்த்து எழுதினார்கள். வரைந்த அட்டையில் சிரத்தை இருந்தது; அச்சட்டையில் அழகு இருந்தது. ஆயினும் அச்சட்டையின் உட்புறத்தில் இரண்டு வரி கையெழுத்து இல்லாவிட்டால் அதை எவரும் பெட்டியில் சேமித்து வைத்ததில்லை. கைபேசி வந்த பிறகு இரண்டும் போய்விட்டன.

இப்போது லாரியில் ஏறிப் போகிற மற்றொரு கைவேலைக்கு வருவோம். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். மழை குறைந்த வானமும், விவசாயம் பொய்த்துப் போன மக்களின் உழைப்பும் அதற்கு அனுகூலமாயின. பின்னர் மத்தாப்பும் வெடியும் சேர்ந்தன. நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பகுதி இன்றும் இங்கிருந்தே போகிறது. பட்டணத்து அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்கும், வியாபாரிகள் தம் வாடிக்கையாளர்களுக்கும் தீபாவளிக்குக் கொடுக்கிற கிஃப்ட் பாக்ஸைத் திறந்து பார்த்தால், அதில் உள்ள ஒவ்வொன்றும் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று வியப்புத் தோன்றும். காகிதக் குழாயை உருட்டியது ஒரு கை. அதில் மருந்து செலுத்தியது ஒரு கை. கருந்திரியை அளந்து நறுக்கிச் சொருகியது ஒரு கை. வண்ணத் தாள் ஒட்டியது ஒரு கை. ரகம் ரகமாக எடுத்துப் பெட்டியில் பொருந்த அடுக்கியது ஒரு கை. உராய்ந்தால் தீப்பிடிக்கும் மருந்தாகையால் இரும்புக் கருவி ஆகாது, செருப்பு ஆகாது, பருத்தியன்றி வேறு துணி ஆகாது. மருந்து வேலை நடக்கும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அகராதியில் கைவேலைக்கு என்ன இலக்கணம் எழுதினாலும் அதற்கு முற்றும் பொருந்துகிற பொருள் இதுதான். எனினும் பட்டணத்துக் கைவேலைப் பிரியர் எவரும் இதைக் கைப்படச் செய்த பரிசு என்று சொல்லுவதில்லை; செய்தவர் முன்பின் அறியாதவர், கூலிக்குச் செய்தவர் என்ற இரண்டு காரணங்களால் அந்தக் கைகள் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன.

அந்தக் கைகள் கணக்குக்கு வருவது விபத்து நடந்த நாளில்தான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; அதற்கு முன்னும் பின்னும் மணிமருந்துக் கலவையின்போதும், அறைக்குள் ஆட்கள் மிகுந்ததாலும், அறைக்கு வெளியே மரத்தடியில் வைத்துச் செய்ததாலும் நேர்ந்த சாவுகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. முன்னாளில் அந்தக் கைகளில் பல பிஞ்சுக் கைகளாகவும் இருந்தன. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் இருட்டோடு எழுப்பிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் நிமித்தம் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் சிறாரை அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பண்டிகையன்று ஒரு பிள்ளை கையில் பிடிக்கிற மத்தாப்பை இன்னொரு பிள்ளை செய்தது என்ற கொடுமை இன்று பெரும்பாலும் நீங்கியிருப்பது, இந்த வட்டாரத்தின் பள்ளிக்கூடங்களுக்கும் அயராது உழைத்த பலருக்கும் கிடைத்த வெற்றி. கூலியும் பாதுகாப்பும் இன்னும் நிறைவெய்தவில்லை.

வெடியைப் பரிசாகக் கருதுவதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. அதிரசத்தை விரும்பாதவர் வாங்காமல் இருக்கலாம். வெடிச் சத்தத்தையும் புகையையும் வேண்டாதவர் மீதும் அது போய் விழுகிறது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்சநீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த மருந்தையும் விலக்கி, வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணியாகக் குறைத்தது இதை முன்னிட்டே. அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் கை அதனால் வெறுங்கையாயிற்று என்பதும் உண்டு. இரண்டையும் ஒருங்கே சொல்லாத எவருடைய பேச்சும் எனக்கு நிறைவு தருவதில்லை.

அறியாதவருக்குக் கொடுப்பதென்றால் வேறு விதமாகவும் கொடுக்கலாம் என்று காட்டிய ஊரும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலா என்னும் பள்ளியை நடத்துவதற்காக, வியாபாரிகள் தம் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். பெண்கள் நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் போட்டு வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசியில் கை உண்டு, ஏனெனில் அள்ளியது கை. கவனம் உண்டு, ஏனெனில் ஒரு நாளும் மறக்கக் கூடாது. ஆனால் பத்து வீட்டு அரிசி ஒரு சாக்கில் கலந்த பிறகு, எந்தப் பிடி எந்த வீட்டுடையது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆகவே பெருமை பேச இடமில்லை, குறை சொல்லவும் இடமில்லை. இரவு விழிக்க வேண்டியதில்லை, அடகு வைக்க வேண்டியதில்லை. கைப்படக் கொடுப்பதன் குணங்களை வைத்துக்கொண்டு குற்றங்களைக் களைவது எளிதன்று என்று முன்னே சொன்னேன். எளிதல்லாத அந்தக் காரியத்தை எழுத்தறியாத பெண்கள் ஒரு மண் கலயத்தை வைத்துக்கொண்டு செய்து முடித்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் படித்த காமராஜர், முதலமைச்சரான பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொண்டுவந்ததும், தமக்கு மாலைக்குப் பதிலாக வந்த கதர்த் துண்டுகளைச் சென்னையில் ஆதரவற்ற குழந்தைகள் வளரும் பால மந்திருக்குக் கொடுத்துவந்ததாகச் சொல்லப்படுவதும் இதே மரபில் வருகிற செயல்கள். அவர் காலத்தில் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கூடத்துக்கு நாற்காலியும் மணியும் சீருடையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அண்மைக் காலத்தில் கல்விச் சீர் என்ற பெயரில், மேளத்தோடு தாம்பாளம் ஏந்தி அரசுப் பள்ளிக்குப் பொருள் கொண்டுபோகிற வழக்கம் பல மாவட்டங்களில் எழுந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கிக் கணக்குப் பார்க்கப்பட்ட தாம்பாளம், யார் பெற்ற பிள்ளையென்று கேளாத வாசலில் இறங்குகிறது. சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்து போகிற லட்சோப லட்சம் பேருக்கு வழியெங்கும் பானகமும் நீர்மோரும் கரைத்து ஊற்றுகிறவர்களும், குடிக்கிறவரின் ஊரையும் பெயரையும் கேட்பதில்லை.

ஆகையினால் இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. வீட்டில் ஒருத்தி மட்டும் பத்துப் படி மாவு பிசைவதை விடுத்து, ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரு படி பிசையட்டும். ஒரே ஒரு பண்டம் போதும், அதுவும் எவருக்கு எது பிடிக்கும் என்று அறிந்து செய்தது போதும். சீர் ஜாபிதாவிலிருந்து பலகாரத்தின் எண்ணிக்கையை அடித்துவிடட்டும். தட்டு போகிற தெருக்களின் எல்லை சற்று நீளட்டும். காலனியிலிருந்து வருகிற தட்டை அங்கேயே பிரித்து, கொண்டுவந்தவரின் கண்ணெதிரே தின்னட்டும். ஆலைப் பெண்ணின் கைவேலையையும் கைவேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய கூலியையும் நான்கு பேருக்கு மேற்படாத அறையையும் பரிசின் விலையிலேயே சேர்த்துக் கொடுக்க வாங்குகிறவர்கள் இசையட்டும். பட்டாசுப் பெட்டியின் மேல் மூடியில் மயிலும் தாமரையும் ஏழு வண்ணத்தில் அச்சிட இடம் இருக்கும்போது, உள்ளிருப்பது எந்த ஊரில் எந்த ஆலையில் செய்தது, அங்கே அன்றாடக் கூலி எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் அதிகாரிகள் சோதனையிட்டார்கள் என்ற நாலு வரிக்கு இடம் இல்லாமல் போகாது. சிவகாசி அச்சகங்களுக்கு அது ஒரு நாள் வேலைகூட அன்று.